கிராணி வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தரை

எர்னஸ்ட்டை இப்போதும் கிராணி என்றுதான் கூப்பிட வேண்டும். ரப்பர் தோட்டத்தை விற்று, கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களை இடித்து, அங்கே தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள் எழும்பிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. தோட்டத்துக் கணக்குப்பிள்ளையாக அவர் உட்கார்ந்து பேரேடு எழுதிய ஆபீஸ் இருந்த இடத்தில் இன்று கார் கழுவுகிறார்கள். ஆனாலும் கோலசிலாங்கூர் சந்தையில் யாராவது 'எர்னஸ்ட் அண்ணே' என்றால் திரும்ப மாட்டார். நானும் கிராணி என்றே கூப்பிட்டேன். டைல்ஸ் போடுகிறவனுக்கு வேலைதான் முக்கியம்.

அவர் மனைவி யூஜினியா அக்காவுக்குப் போன வருடம் ஸ்ட்ரோக் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. பழைய சிமெண்டுத் தரை வெடித்துக் குண்டும் குழியுமாகக் கிடந்தது. கைத்தடியோடு அறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அக்கா இரண்டு முறை விழுந்துவிட்டார். என்னைக் கூப்பிட்டதே அதற்காகத்தான்.

"சொரசொரப்பா, வழுக்காததாப் போடுங்க தம்பி. நேரா இருந்தாப் போதும். சுவரப் புடிக்காம நான் வாசலுக்கு வந்துடணும், அவ்வளவுதான்" என்றார் அக்கா.

கிராணி அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கறுப்பும் வெள்ளையும், ரவீந்திரன். மூலைக்கு மூலை சாய்ச்சுப் போடு. கண்ணாடி மாதிரி மின்னணும். துரை பங்களாவுல அப்படித்தான் இருந்துச்சு."

அந்தத் தரையை அவர் மிதித்ததே இல்லை. துரை ஆபீஸுக்கு வராத நாட்களில் ஆள் வருகை எழுதும் செக்ரோல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கதவுக்கு வெளியே நின்று கையெழுத்து வாங்குவாராம். இருபத்திரண்டு வருடம். இதையும் அவரேதான் சொன்னார், அதுவும் பெருமையாக. வெட்கப்பட வேண்டியதைப் பீற்றிக்கொள்கிற மனிதரிடம் என்ன பேசுவது?

இருந்தாலும் பேசினேன். "பங்களா ஹால் பெருசு கிராணி. இது பத்தடிதான். சாய்ச்சுப் போட்டா ஓரமெல்லாம் முக்கோணத் துண்டா வரும். அக்காவுக்கும் வழுக்கும் லா."

"லயத்துல பொறந்தவனுக்கு சொரசொரப்புதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார்.

என் அப்பா அந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். சாமானைத் தூக்கிக்கொண்டு அப்போதே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. அவர் கேட்டதையே போட்டுக் கொடுத்தேன். அவரைக் கேவலமாக நினைத்ததில் பாதி எனக்கும் சேர வேண்டியதுதான்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிராணி ஃபாதரை அழைத்து வீட்டை மந்திரிக்க வைத்தார். கோயில் ஜெபக்குழுவான அன்பியத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். வேலைக்காரனைக் காட்டிக்கொள்ள வேண்டாமா, என்னையும் கூப்பிட்டிருந்தார். வாசலில் துணியைப் போட்டுவைத்து, ஒவ்வொருவர் பாதத்தையும் குனிந்து பார்த்து, கால் துடைத்தவர்களை மட்டும் உள்ளே விட்டார். இத்தாலி டிசைன் என்று வேறு புளுகினார். டைல்ஸ் ரவாங் டவுன் கடையில் வாங்கியது.

ஜெபம் தொடங்க அக்காவைக் கூப்பிட்டார்கள். அறை வாசலில் வந்து நின்று தடியை ஊன்றினார். வழுக்கியது. மறுபடி ஊன்றினார், மறுபடி வழுக்கியது. கை கொடுக்க நான் எழுந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தடியைச் சுவரில் சாய்த்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். அதோடு மெல்லத் தரையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி ஊன்றி, கட்டம் கட்டமாக நகர்ந்து வந்தார்.

"பாத்து வா. வளையல் பட்டு டைல்ஸ் கீறிடப் போவுது" என்றார் கிராணி.

எத்தனையோ வீடுகளில் தரை போட்டிருக்கிறேன். இவ்வளவு மட்டமான பேச்சை எங்கும் கேட்டதில்லை.

ஃபாதர் முன்னாலேயே சொன்னேன். "நாளைக்கு வர்றேன் கிராணி. ரூமுலேர்ந்து வாசல் வரைக்கும் ஒடைச்சிட்டு, சொரசொரப்பா ஒரு பாதை போட்டுத் தர்றேன். காசு வேணாம்."

"டிசைன் கெட்டுடும்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அக்கா அதற்குள் ஹாலின் நடுவுக்கு வந்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு புருஷனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"காலையிலயே வாங்க தம்பி. சுத்தியல் ரெண்டா கொண்டாங்க."