இடது கைக்கு ஒரு தூண்டில்

யோகராணி அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வேலைக்குப் போகும் நிலக்கீழ் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கணவர் தில்லைநாதன் அண்ணைதான் தொலைபேசியில் அழைத்தார். "வசந்தி, அக்கா விடிய ஆறு மணிக்குப் போட்டா. கஷ்டப்படேல்லை," என்றார். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் தொடர்பு அறுந்துவிட்டது. அடுத்த நிலையத்தில் இறங்கி மேடையிலிருந்த மர வாங்கில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த நோர்வேஜியப் பெண்மணி ஒருவர் கடதாசிக் கைக்குட்டை ஒன்றை நீட்டினார்.

அக்காவைப் பற்றி எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். "அமைதியானவர், அடக்கமானவர் எண்டு போடுங்கோ," என்று ஒருவர் ஆலோசனையும் சொன்னார். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அக்கா வாய் ஓயாதவர். பிடிவாதக்காரி. தான் பிழை என்று தெரிந்தால் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார், மூன்றாம் நாள் அந்தப் பிழையைத் திருத்தி முடித்துவிட்டுத்தான் சிரிப்பார். அப்படிப்பட்டவரைத்தான் நான் இழந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் கடுஞ்சைவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். எண்பதுகளில் கணவரோடு நோர்வேயின் வடகோடியிலுள்ள பாட்ஸ்பியோர்டுக்கு வந்து, அந்த ஊரின் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடங்கள் நின்றபடியே மீன் அறுத்தார். ஆனால் அவருடைய வீட்டு அடுப்பில் ஒருநாளும் மீன்சட்டி ஏறியதில்லை. இது எப்படிச் சரிவரும் என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. "பிரேதம் அறுக்கிற டொக்டர் அதைத் தின்னிறவரே? நான் அறுத்ததெல்லாம் செத்த மீன். உயிரோடை ஒண்டிலையும் இந்தக் கை பட்டதில்லை." அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. வீட்டுக்குள் வரும் ஈயைக்கூடக் கிளாசால் மூடிப் பிடித்து யன்னலுக்கு வெளியே விடுவார்.

இந்த நூற்றாண்டு பிறந்த கையோடு நான் ஒஸ்லோவில் வயோதிபர்களுக்கான ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அக்கா எனக்கு முன்பே அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவர் நோர்வேஜிய மொழியை வடக்கில் பழகியதால் அந்த ஊர்ப் பேச்சிலேயே கதைப்பார். ஒஸ்லோக்காரர்களுக்கு அது பெரிய வேடிக்கை. ஆனால் எங்கள் நிலையத்துக்கு வரும் ஒட்வாருக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை.

ஒட்வார் வடக்கே லொபோத்தன் தீவுகளில் பிறந்து ஒஸ்லோவில் முப்பது வருடம் ட்ராம் ஓட்டியவர். பாரிசவாதத்தில் வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இடது கையிலும் நடுக்கம். சக்கரநாற்காலியில் வந்து யன்னலோரம் இருந்தால் மாலைவரை ஒரு சொல் பேசமாட்டார். கைப்பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தைக் குப்பைத்தொட்டிக்குள் எறிந்தார். சாப்பாட்டையும் பாதியில் தள்ளிவிடத் தொடங்கினார். அக்கா ஒருநாள் தன்னுடைய வடக்குப் பேச்சில் ஏதோ ஏசவும், அந்த மனிதர் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இருவரும் கதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒட்வாருக்கு என்னதான் வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கிறார். உறைந்த ஏரியின் ஐஸில் துளை போட்டு ஒரு மீன் பிடிக்கவேண்டும், என் கையால் பிடிக்கவேண்டும், அது இனி நடக்காது, ஆகவே என்னைச் சும்மா விடுங்கள் என்றாராம் ஒட்வார். மீன் கடித்ததும் தூண்டிற்கோலைச் சட்டென்று உயர்த்தவேண்டும். அந்த வேகம் நடுங்கும் கைக்கு இல்லை.

"இந்த மனுசன் இப்பிடியே இருந்தால் ஆறு மாசத்திலை முடிஞ்சிடும்," என்று அக்கா என்னிடம் சொன்னார். "ஏதாவது செய்யவேணும்."

தூண்டில் கடை ஒன்றின் விலைப்பட்டியலில் அவர் ஒரு சாதனத்தைக் கண்டுபிடித்தார். தூண்டிற்கோலை வில்போல வளைத்து கொக்கிபோன்ற ஒரு கொளுவியில் மாட்டி வைப்பார்கள். மீன் இரையை இழுத்ததும் கொளுவி தானாக விடுபடும், கோல் விசையோடு நிமிரும், தூண்டில் முள் மீனின் வாயில் ஏறிவிடும். மனிதக்கையே தேவையில்லை. எங்கள் நிலையத்தின் தலைவி நல்ல பெண், ஆனால் பயந்தவர். நீங்களே முதலில் பரீட்சித்துப் பாருங்கள், யாருக்கும் காயம் வராது என்று தெரிந்தால் குளிர்காலத்தில் ஒருநாள் அவரை ஏரிக்குக் கூட்டிப் போகலாம் என்று அனுமதித்தார்.

அப்படித்தான் உயிருள்ள மீனைத் தொடாத அக்கா மீன்பிடிச் சாதனங்களைப் பரீட்சிக்கத் தொடங்கினார். மூன்று வகை வாங்கினார். முதற் பரீட்சை அவருடைய வீட்டுக் குளியல் தொட்டியில் நடந்தது. தொட்டியின் விளிம்பில் கோலை வளைத்து மாட்டிவிட்டு நூலின் மறுநுனியை என் கையில் தந்தார்.

"நீதான் மீன். பருத்தித்துறைக் கடற்கரைப் பிள்ளைக்கு மீன் எப்பிடி இழுக்கும் எண்டு தெரியாதே?"

"எனக்கு மீன் எப்பிடிப் பொரியும் எண்டுதான் அக்கா தெரியும்."

"சும்மா அலட்டாமல் இழு. இது சின்ன மீன். ம். இப்ப பெரிய மீன். இப்ப, கடிக்கிறதோ விடுறதோ எண்டு யோசிக்கிற மீன்."

யோசிக்கிற மீனாக நான் மெல்ல இழுத்தபோதுதான் கோல் விர்ரென்று நிமிர்ந்து ஷாம்பு போத்தல்களையெல்லாம் அடித்து விழுத்தியது. வாசலில் வந்து நின்ற தில்லைநாதன் அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு என்ன விசரே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் ஆசாரம் பார்ப்பவர். ஒரு வெள்ளிக்கிழமை குளிர்சாதனப்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவைத் திறந்து, உள்ளே தூண்டிற் புழுக்கள் நெளிவதைக் கண்டு, அன்றைக்குப் பச்சைத்தண்ணியும் குடிக்காமல் கோயிலுக்குப் போனவர்.

அடுத்த பரீட்சை ஏரியில். ரயிலின் கடைசி நிலையத்தில் இறங்கினால் சொங்ஸ்வான் ஏரி கிட்டத்தான். அக்கா பனிக்கட்டியைத் துளைக்கும் துறப்பணத்தைத் தோளில் சாத்திக்கொண்டு நடப்பார். ஆள் சிறிய உருவம், ஆனால் தொழிற்சாலையில் உரமேறிய தோள். துளை போடுவது அவர் வேலை. புழு என் வேலை. தூண்டிலில் முள்ளே இராது! முள்ளைக் கழற்றிவிட்டு, புழுவை நூலில் முடிந்து விடச் சொல்வார். மீன் வந்து இழுக்கும், கோல் நிமிரும், மீன் புழுவோடு போய்விடும். அக்கா கொப்பியில் குறித்துக்கொள்வார். முதலாவது சாதனம் பிளாஸ்டிக், குளிரில் வெடித்தது. இரண்டாவதற்குக் காற்றடித்தாலே மீன் கடித்த நினைப்பு. மூன்றாவது இரும்பு, அது பிசகவில்லை. சனிக்கிழமைகளில் வந்து குந்தியிருக்கும் நோர்வேஜியக் கிழவர்கள் முள்ளில்லாமல் மீன் பிடிக்கும் இந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். நானும் சொறிந்தேன்.

பங்குனி மாதத்தில் ஒட்வாரைக் கூட்டிப் போனோம். நல்ல வெயில். சக்கரநாற்காலிக்குக் கீழே சறுக்குக் கட்டைகள் பூட்டி, கம்பளியால் மூடி, கையில் கோப்பி கொடுத்து இருத்தினோம். அன்று முள் போட்டிருந்தோம். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. ஒட்வார் ஏதோ பழைய ட்ராம் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது கோல் நிமிர்ந்தது. நான்தான் நூலைச் சுற்றினேன். ஒரு சாண் அளவு, அப்போர் என்ற ஏரிமீன், சிவந்த செட்டையோடு துள்ளியது. நாங்கள் கை தட்டினோம்.

ஒட்வார் தட்டவில்லை. தான் கோப்பி குடித்துக்கொண்டிருக்க மீன் பிடித்தது அந்த இரும்பு, இதைக் கடையில் வாங்கியிருக்கலாம் என்றார். மீனைத் திரும்ப விடச் சொன்னார். வரும் வழியெல்லாம் பழையபடி யன்னலோர மனிதராகிவிட்டார்.

அக்கா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"மீன் தப்பினது எனக்குச் சந்தோசம்தான். பொய் சொல்லமாட்டன். ஆனா அந்த மனுசன்ரை முகத்தைப் பாத்தனியே? நாங்கள் அவருக்கு மீன் குடுத்தம். அவர் மீனே கேட்டவர்?"

"அப்ப என்ன அக்கா செய்யிறது?"

"அந்த மெசினின்ரை கெட்டித்தனத்தைக் குறைக்கவேணும்."

குறைத்தார். மீன் இழுத்தால் தானாக விடுபடும் பகுதியை ஒரு தகட்டால் அடைத்தார். கொளுவியில் ஒரு கயிறு கட்டி, அதன் நுனியில் இடது கைக்குப் பிடிபடும்படி ஒரு மரக்கட்டையை முடிந்தார். நூல் சுற்றும் கைபிடியை இடப்பக்கம் மாற்றினார். இப்போது கோலின் நுனி ஆடினால் ஒட்வார்தான் கயிற்றை இழுக்கவேண்டும். பலம் வில்லுடையது, நேரம் பார்ப்பது அவர். பிந்தி இழுத்தால் மீன் போய்விடும்.

அந்தக் கோடை முழுவதும் நிலையத்தில் பயிற்சி நடந்தது. கயிற்றை மேசைக்காலில் கட்டி ஒட்வாரின் கையில் கொடுத்துவிட்டு அக்கா தன்பாட்டில் வேலை செய்வார். நினைத்த நேரம் கிளாசில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். ஒட்வார் உடனே இழுக்கவேண்டும். முதலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடியும்வரை அந்தக் கை அசையாது. ஆவணி பிறந்தபோது தட்டிய ஓசை அடங்குமுன் இழுத்தார். ரப்பர் பந்தை எறிந்த மனிதர் இப்போது காலையில் வந்ததும் கயிறு எங்கே என்று கேட்டார். சாப்பாட்டுத் தட்டும் காலியாகியது.

அடுத்த குளிர்காலத்தில் நான்கு தரம் போனோம். ஒவ்வொரு தரமும் ஒட்வார் பிந்தினார். மீன் போனபோதெல்லாம் வாய்விட்டுச் சிரித்தார். தப்பவிட்டதும் அவர்தானே! அதற்கடுத்த வருடம், தை மாதக் கடைசியில் ஒருநாள் கோல் நுனி இரண்டு முறை ஆடியது. கயிறு வெடுக்கென்று இழுபட்டது. கோல் நிமிர்ந்து வளைந்து நின்றது. இடது கையால் அவரே சுற்றினார், நிறுத்தினார், மறுபடி சுற்றினார். துளைக்குள்ளிருந்து ஒரு பெரிய அப்போர் வெளியே வந்து ஐஸில் விழுந்து துடித்தது.

பிடித்த மீனை உடனே தலையில் அடித்துக் கொல்வது அங்கே வழக்கம். துடிக்க விடுவது பாவம் என்பார்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்கவேண்டும். ஒட்வாருக்கு இருந்தது ஒரு கை. அவர் அக்காவைப் பார்த்தார். அக்காவின் கொள்கை அவருக்குத் தெரியும். பரவாயில்லை, விட்டுவிடுங்கள் என்றார்.

"நான் பிடிக்கிறன் அக்கா," என்று கையுறையைக் கழற்றிக்கொண்டு நான் குனிந்தேன்.

"நீ தள்ளு," என்றார் அவர்.

முழந்தாளில் இருந்து, உயிருள்ள அந்த மீனை இரண்டு கையாலும் ஐஸோடு அழுத்திப் பிடித்தார். கண்ணை மூடவில்லை. மீன் அடிக்கும் கட்டையை எடுக்கும்படி ஒட்வாரிடம் சொன்னார். ஒட்வார் நாற்காலியிலிருந்து குனிந்து ஒரே அடி அடித்தார். அக்கா துளைத் தண்ணீரில் கையைக் கழுவினார். மறுபடி கழுவினார்.

நிலையத்துச் சமையலறையில் அவரே அறுத்தார். நான்கு வெட்டில் முள் வேறு, தசை வேறு. ஒட்வார் வெண்ணெயில் பொரித்த மீனை ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார். எனக்கும் தரவில்லை. அக்கா எதிரே இருந்து தன் சோற்றையும் பருப்பையும் சாப்பிட்டார். அந்த இரண்டு பேரையும்போலச் சந்தோசமாக இருந்த மனிதர்களை நான் அந்தக் கட்டடத்தில் பார்த்ததில்லை.

"மனசுக்குக் கஷ்டமா இருக்கோ அக்கா?" என்று வரும்போது கேட்டேன்.

"ஓம். கஷ்டம்தான். பாவத்திலை பாதி எனக்கு. ஆனா நாளைக்கும் கேட்டால் நாளைக்கும் பிடிப்பன்."

வெள்ளிக்கிழமை கோயிலில் அருச்சனை செய்வித்தார். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டார். "பேர் ஒட்வார். நட்சத்திரம் தெரியாது, சுவாமி பேரிலை செய்யுங்கோ," என்றார் அக்கா. மீனுக்குச் செய்விக்கவில்லையா என்று நான் கிண்டலடித்தேன். மீனுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது, மனுசன்தானே இருக்கிறார் என்றார்.

அதற்குப் பிறகும் குளிர்காலங்களில் போய்க்கொண்டுதான் இருந்தோம். போன புரட்டாதியில் அக்காவுக்குப் புற்றுநோய் என்றார்கள். ஐந்து மாதம்தான். கடைசிவரை தாதியரோடு வாதாடிக்கொண்டிருந்தார்.

இறுதிக் கிரியைக்கு ஒட்வார் வந்திருந்தார். கறுப்புக் கோட்டுப் போட்டு, சக்கரநாற்காலியில், எங்கள் ஆட்களோடு வரிசையில் வந்தார். வாய்க்கரிசி போடும் நேரம். முன்னால் போனவர்கள் செய்வதைக் கவனித்துக்கொண்டு வந்தவர், தன் முறை வந்ததும் தட்டிலிருந்து இடது கையால் அரிசியை அள்ளினார். பின்னால் நின்ற ஒரு பெரியவர், "இடக்கையாலை போடக்கூடாது. வலக்கையாலை போடச் சொல்லுங்கோ," என்றார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

தலைமாட்டில் நின்ற தில்லைநாதன் அண்ணை, அந்த ஆசாரக்காரர், கையைக் காட்டி எங்களை நிறுத்தினார்.

"விடுங்கோ. அது அவ பழக்கின கை. அதாலையே போடட்டும்."

ஒட்வாரின் கை நடுங்கியது. கொஞ்ச அரிசி சிந்தியது. அவர் போட்டு முடிக்கும்வரை வரிசை முழுவதும் பொறுத்து நின்றது.

சந்தோசமாகப் போய் வாருங்கள், அக்கா.