மாப்பிள்ளை குடியிருந்த வீடு

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியபட்டினத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு தம்பதியைப் பற்றி மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதித் தருவதாக நானே வலியப் போய்ச் சொல்லியிருந்தேன். கணவர் ஓவியர், மனைவி கவி. அவர் கதவுகளில் படம் தீட்ட, அதன் ஓரத்தில் அவர் மனைவி கவிதை எழுதிய அலமாரி ஒன்று அவர்கள் வாழ்ந்த வீட்டில் உண்டு. அச்சேறாத அந்தக் கவிதை கிடைத்தால்தான் கட்டுரையைப் போடுவேன் என்றார் ஆசிரியர்.

துணைக்கு வந்த எங்கள் அய்யாவை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு ஓடினேன். கதவைத் திறந்தவர் கவியின் தங்கை.

"இது எங்க வாப்பா கட்டுன வீடு. இது உம்மாவோட கட்டில். இந்த ஜன்னல்கிட்டதான் லாத்தா எழுதுவா."

எல்லாம் லாத்தா என்கிற அக்கா, அக்காவைப் பெற்றவர்கள்; ஓவியர் பேச்சே இல்லை. எனக்கு எதுவோ இடித்தது. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டிலேயே எப்படி எழுதிக்கொண்டிருப்பாள்? எங்கள் கமுதிப் பக்கம் வீட்டோடு மாப்பிள்ளையைக் கேலி பேசியே ஊரைவிட்டு ஓட்டிவிடுவார்கள். தன் வீட்டுக்குப் பெருமை சேர்க்க இவர் கதை கட்டுகிறாரோ?

"அலமாரி மாடியில இருக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்போம்" என்று அவர் அடுப்படிக்குப் போனார்.

"இந்தா வாரேன்" என்று தெருவில் இறங்கிவிட்டேன்.

ஓவியர் பிறந்த வீடு அடுத்த தெருவில். என் சந்தேகத்தைக் கேட்டு அவருடைய அக்கா சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது.

"ஏ புள்ளே, எந்த ஊரு நீ? இங்கன வீடு பொட்டப்புள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் போகணும். எங்க வீட்டுக்காரவுக இங்கன வந்தாக, என் தம்பி அங்கன போனான். யாரு, அவளா உன்னைய அனுப்புனா? படமெல்லாம் எங்க தம்பி கைவேலை, எங்களுக்குத்தான்னு போயிச் சொல்லு!"

இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று. நான் தெருவைச் சுற்றி வருவதற்குள் கவியின் தங்கைக்குச் சேதி வந்து சேர்ந்திருந்தது.

"எங்கள நம்பாம அங்கன போயி விசாரிச்சீகளோ? அவுக ஆளா நீங்க?"

"சத்தியமா இல்லம்மா, பத்திரிகைக்குத்தான்..."

"அவுகளும் படம் பாக்கத்தான் வந்தாக. அலமாரியில ஒத்தைக் கதவைக் கழட்டிட்டுப் போயிட்டாக."

மாடிக்கு அழைத்துப்போனவர் அறை வாசலிலேயே என்னை நிறுத்திவிட்டார். உள்ளே, கோடியில், மிச்சமிருந்த கதவு. பச்சைக் கடல், சிவப்புப் பாய்மரம், ஓரத்தில் பொடி எழுத்து. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு வரியும் பிடிபடவில்லை.

"வாசிச்சுக் காட்டுறீகளா?"

"நான் வாசிக்க, நீங்க எழுதிக்கிட்டுப் போயி அங்கன குடுக்கவா? பாத்தாச்சுல்ல, எறங்குங்க."

டீக்கடையில் அய்யா எழுந்து நின்றார். "கவிதை கெடைச்சுச்சா?"

"பாய்மரம் சிவப்பு, அய்யா" என்றேன்.