தலைவரின் சிபாரிசுக் கடிதம்

மக்களைப் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறியதும் தலைவர் முதலில் கண்ணாடியை ஏற்றுவார். பிறகு ஈரக் காகிதம் ஒன்றை உருவி, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, நக இடுக்குவரை துடைப்பார். துடைத்ததைச் சுருட்டி முன்சீட்டில் எறிவார். டிரைவர்தான் அதைப் பொறுக்கிப் பையில் போடவேண்டும். பதினோரு வருஷமாக அதுவும் அவன் வேலை.

கூட்டங்களுக்கு மைக்செட் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். மைக்கைச் சோதிக்கப் பேசிப் பேசியே பேச்சாளராகி, மூன்று கட்சி மாறி, நான்கு முறை சட்டசபைக்குப் போனார். நேற்று திட்டிய வாயாலேயே இன்று புகழ்வார், நாக்கு கூசாது.

டிரைவரின் தங்கை தொலைவூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவளுடைய கைக்குழந்தை டிரைவர் வீட்டில் வளர்ந்தது. தங்கைக்கு மாற்றல் வேண்டும் என்று அவன் தலைவரிடம் வாய் திறந்து கேட்டான். அவன் கேட்டது அந்த ஒன்றுதான்.

“உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதாம்ப்பா. இதைக் கேக்கவா இவ்வளவு நாள் முழுங்கின?” என்று தலைவர் அப்போதே சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வருஷம் ஓடியும் மாற்றல் வரவில்லை. குழந்தை டிரைவரின் மனைவியை அம்மா என்றது. பெற்றவளைக் கண்டால் அழுதது.

“ஃபைல் நகருதுப்பா” என்பார் தலைவர். அவனும் நம்பி வண்டி ஓட்டினான்.

தலைவர் தேர்தலில் தோற்ற பிறகுதான் மாற்றல் பிரிவு கிளார்க் அவனிடம் சொன்னார்.

“கடுதாசி எல்லாருக்கும் குடுப்பாருண்ணே. பின்னாலயே போன் வந்தாத்தான் நாங்க ஃபைலை எடுப்போம். உங்களுக்கும் போன் வந்துச்சு, மாத்திடாதீங்கன்னு. காரியம் முடிஞ்சிட்டா டிரைவர் நிக்கமாட்டானாம்.”