டாக்டர் நீட்டிய கை

எங்கள் பெரிய டாக்டர் முப்பத்தோரு வருஷம் கத்தி பிடித்தார். அத்தனை வருஷமும் அந்தக் கத்தியை அவர் கையில் எடுத்துக் கொடுத்த நர்ஸ் நான். அவரைப் பற்றி வாய் திறக்க எனக்கு இருக்கிற உரிமை அவர் மனைவிக்குக்கூடக் கிடையாது, ஆமாம்.

கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து, ரப்பர் கையுறையைக் கழுவிப் பவுடர் போட்டு மறுபடி மாட்டிக்கொண்ட காலம். ஆபரேஷன் தியேட்டரில் மனுஷன் வாயே திறக்க மாட்டார். கையை நீட்டுவார், அவ்வளவுதான். விரல் விரிந்தால் கத்தரி, மடங்கினால் இடுக்கி, உள்ளங்கை மேலே பார்த்தால் ரத்தம் ஒற்றும் காஸ் துணி. மாற்றிக் கொடுத்தால் பறந்து வரும். முதல் வருஷம் தரையில் பொறுக்கிப் பொறுக்கியே என் இடுப்பு போனது.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"சிஸ்டர், சாப்பிடும்போதும் கைய நீட்டுறார். உப்பா தண்ணியான்னு நான் என்ன ஜோசியமா பார்க்கிறது?"

"விரல் விரிஞ்சிருந்துச்சாம்மா?"

"ஆமா."

"அப்ப கத்தரி."

மறுநாள் தையல் கத்தரியை எடுத்து வைத்தாராம். இவரும் வாங்கி, ரொட்டியைக் கத்தரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாராம்.

டாக்டருக்கு இரண்டு சட்டங்கள். உள்ளே போன காஸ் துணியெல்லாம் வெளியே வந்ததா என்று எண்ணாமல் வயிற்றை மூடக்கூடாது. "எண்ணாம மூடினவன் என் மூஞ்சியில முழிக்கக்கூடாது" என்பார் சின்ன டாக்டர்களிடம். இன்னொன்று, மேசையில் படுத்தவர்கள் அழக்கூடாது. "கிழிக்கப்போற நானே அழல, உனக்கென்ன வந்துச்சு?" என்று கத்துவார்.

ஊரார் குடலையெல்லாம் உள்ளே தள்ளித் தைத்தவர், தன் குடலிறக்கத்தை மட்டும் ஒன்பது வருஷம் பெல்ட்டை இறுக்கி மறைத்து வைத்திருந்தார். ஒரு காலை வார்டைச் சுற்றி வரும்போது குடல் சிக்கிக்கொண்டது. மூன்றாம் கட்டில் நோயாளி மேலேயே விழுந்தார். உடனே அறுக்காவிட்டால் குடல் அழுகி ஆளே போய்விடுவார்.

"நாளைக்குப் பார்ப்போமே," என்றார்.

"நாளைக்கு நீங்க இருந்தாத்தானே?" என்றேன்.

அவரிடம் தொழில் கற்ற சின்ன டாக்டர்தான் அறுத்தார். முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்ததால் நம் ஆள் முழித்துக்கொண்டே கிடந்தார். நெஞ்சுக்கு மேல் திரை. பாதியில் திரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. விரல் விரிந்திருந்தது. சட்டென்று கத்தரியை வைத்தேன்.

"சிஸ்டர்! அது நோயாளியோட கை!" என்று சின்ன டாக்டர் அலறினார். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கத்தரியைப் பிடுங்கி ஒதுக்கிப் போட்டுவிட்டு வேறு கையுறை மாட்டிக்கொண்டு வந்தேன்.

நல்லவேளை, குடல் அழுகியிருக்கவில்லை. மூடுமுன் எண்ணினேன். சுவர்ப் பலகையில் எழுதி வைத்த கணக்குப்படி பன்னிரண்டு துணி இருக்க வேண்டும், பதினொன்றுதான் இருந்தது. வாளியைக் கொட்டிப் பார்த்தோம். மேசைக்கு அடியில் தவழ்ந்தோம். ஒருவர் செருப்பைக் கழற்றிக்கூடப் பார்த்தார். சின்ன டாக்டருக்கு வியர்த்து ஊற்றியது.

"பரவாயில்ல, மூடுடா," என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

"எண்ணிக்கை சரியாகாம மூட மாட்டேன் சார். நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

"இப்பவும் நான்தான்டா சொல்றேன்!"

"முடியாது சார். இன்னும் கொஞ்சம் கிழிச்சுத் தேடிப் பார்க்கிறேன்."

அவ்வளவுதான், அந்தக் கை மெல்ல மேலே வந்தது. உள்ளே கசங்கிப்போன காஸ் துணி. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனால் சொதசொதவென்று நனைந்திருந்தது. நடுவில் எப்போதோ உள்ளங்கை மேலே பார்த்திருக்கிறது, என் கையும் பழக்கத்தில் போட்டிருக்கிறது. எனக்கே தெரியாது.

"கண்ணுல தூசி," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "என் தியேட்டர்ல ஏது தூசி? பயமா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"பயமாத்தான் இருந்துச்சு, சிஸ்டர்."

எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையுறையோடு எப்படித் துடைப்பது? அப்படியே வழியவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே ஒரு லாரி டிரைவர், மலை மாதிரி ஆள், மேசையில் படுத்ததும் ஓவென்று அழுதான். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். டாக்டர் என் பக்கம் கையை நீட்டினார், உள்ளங்கை மேலே. துணியை வைத்தேன். அதை அவன் கையில் கொடுத்தார்.

"வயித்துக்குப் பன்னிரண்டு, கண்ணுக்கு ஒண்ணு. இனிமே பலகையில பதிமூணுன்னு எழுதுங்க, சிஸ்டர்."