பின்சீட்டுச் சத்தம்

இரண்டு மாதமாக என் மோட்டார் சைக்கிளில், வேகம் கூட்டும்போது மட்டும் கடகடவென்று ஒரு சத்தம்.

எஞ்சின் போய்விட்டதென்று பயந்து, இன்று பின்னேரம் சாய்ந்தமருது மெக்கானிக் அலியார் காக்காவிடம் கொண்டுபோனேன்.

அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டுங்க மாஸ்டர்."

கடற்கரை வீதியில் நன்றாக முறுக்கினேன். சத்தமே இல்லை.

"பின்சீட்டு போல்ட் தேஞ்சிட்டு. ஆள் இருந்தா அமுங்கிக் கிடக்கும், இல்லாட்டி இப்படித்தான் அடிக்கும். எங்க, ஹனீபா மாஸ்டர் இப்ப உங்களோட வாறல்லயா?"

ஹனீபாவும் நானும் ஆறு வருடம் இதில்தான் நிந்தவூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனோம். தேர்தலில் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். அதற்குப் பிறகு அவன் பஸ்ஸில் போகிறான்.

"இல்ல காக்கா, இப்ப கதைக்கிறதில்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "புது போல்ட் கொழும்பிலருந்து வரணும். அதுவரைக்கும் ஆரையாவது ஏத்துங்க."

திரும்பி வரும்போது ஹனீபா வீட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே முறுக்கினேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டான்.

நாளைக் காலை நிந்தவூர்ப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பின்னால் இடம் இருக்கிறது. எந்தக் கட்சி என்று கேட்கமாட்டேன்.