இடப்பக்கப் பட்டை

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். அப்படி ஓர் ஆபீஸில் லேபிள் ஒட்டுகிற பிரிவுக்குக் கிறிஸ்துராஜ் மேஸ்திரி. மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையின் வாடை ஞாயிற்றுக்கிழமைகூட அவர் சட்டையை விட்டுப் போகாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்தான். "மொதல்ல வை. பெறகு நகத்து. பசை காயுததுக்குள்ள எங்கன வேணும்னாலும் நகத்திக்கிடலாம்."

இந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மனுஷன் அதோடு நின்றாரா? சர்ச்சில் யாராவது நோட்டீஸ் ஒட்டியிருந்தால் கோணல் என்று பிய்த்துவிட்டுத் தானே திரும்ப ஒட்டுவார். நேராக ஒட்டத் தெரிந்தவன் இந்த ஜில்லாவில் தான் ஒருவன்தான் என்று ஒரு நினைப்பு.

அந்த வருஷம், ரெண்டாயிரத்து மூன்றில், அவர் வீட்டுக்குக் கார் வந்தது. சின்ன வெள்ளைக் கார். வாங்கியது அவர் அல்ல, அவர் மனைவி எஸ்தர்ராணி. எட்டயபுரம் ரோட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தன் சம்பளத்தில் வாங்கினாள், தானே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்ப் பழகி லைசென்ஸும் எடுத்துவிட்டாள். கூடவே பழகப் போன கிறிஸ்துராஜ், டிரைவிங் ஸ்கூல் வண்டியை வேலிக்கருவைப் புதருக்குள் விட்டுவிட்டு, "கிளச்சும் பிரேக்கும் ஒண்ணுபோலல்லா கெடக்கு" என்று திட்டிக்கொண்டே வீடு வந்தவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

தெருவில் எல்லோரும் அவரிடம்தான் விசாரித்தார்கள். "காரு வாங்கிட்டியளாமே!" என்று கேட்கும்போது முகம் மலரும். "டீச்சர்தான் எடுத்துட்டுப் போறாவளாமே!" என்று அடுத்த பேச்சு வரும்போது சுருங்கிப்போகும். அவருக்கு மனைவிமேல் பொறாமை கிடையாது. உள்ளுக்குள் பெருமைகூட உண்டு. ஆனால் அந்த வண்டியில் தன் கைபட்டது என்று சொல்ல ஒரு திருகாணிகூட இல்லையே என்பதுதான் அவரை அரித்தது. சர்ச்சிலிருந்து சபை ஐயர் வண்டிக்கு ஜெபம் பண்ண வந்தபோதும் "எஸ்தர் டீச்சர் வாகனத்தை ஆசீர்வதியும்" என்றுதான் ஜெபித்தார். கிறிஸ்துராஜ் ஆமென் சொன்னார். வேறு என்ன செய்ய?

கயத்தாறில் எஸ்தர் வகையறாவில் ஒரு கல்யாணம் வந்தது. அவள் சொந்தக்காரர்கள் மொத்தமும் அங்கே இருப்பார்கள். அவள் ஓட்டிக்கொண்டு போவாள், இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போய் இறங்க வேண்டும். அப்படி இறங்கும்போது, இதோ இது நான் பண்ணியது என்று தொட்டுக் காட்ட ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று முடிவு கட்டினார்.

மதுரைக்கு வேறு ஜோலியாகப் போனவர், கார் அலங்காரச் சாமான் விற்கும் கடையில் கதவுகளுக்கு வெளியே ஒட்டுகிற பட்டை வாங்கினார். கறுப்புப் பட்டை, நடுவில் வெள்ளி மாதிரி மின்னும் கோடு. முதுகில் பசை நாடா, அதற்கு மேல் சிவப்புத் தாள். கதவுக்கு ஒன்றாகப் பக்கத்துக்கு இரண்டு துண்டு. "வண்டியக் கொண்டாங்க சார், நாங்களே ஒட்டித் தர்றோம்" என்றான் கடைக்காரன்.

"ஒட்டுததப் பத்தி எங்கிட்டயா சொல்லுத?" என்று சிரித்துவிட்டு வந்தார். மேல் அட்டையில் என்னவோ இங்கிலீஷில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. எஸ்தருக்கு எட்டயபுரத்தில் பயிற்சி வகுப்பு. "வண்டி இன்னைக்கு எங்கிட்ட நிக்கட்டும், நீ பஸ்ஸுல போ" என்று அவளை அனுப்பிவைத்தார். சந்தில் வலப்பக்கம் சுவரை ஒட்டி நின்றது கார். ஆகையால் இடப்பக்கத்தில் ஆரம்பித்தார்.

கழுவினார், துடைத்தார். துடைத்த கை எடுக்குமுன் காற்றில் கரிசல் புழுதி வந்து உட்கார்ந்தது. மறுபடி துடைத்தார், மறுபடி வந்தது. "ஒரு நிமிசம் நிக்கியா சனியனே" என்று காற்றைத் திட்டினார். ஒருவழியாக, முன்கதவுப் பட்டையின் சிவப்புத் தாளை முழுசாக உரித்தார். அளவு பார்க்கவில்லை, கோடு போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? முதலில் வை, பிறகு நகர்த்து. வைத்தார்.

நகரவில்லை.

கட்டை விரலால் தள்ளினார். இம்மி அசையவில்லை. பட்டையின் முன்தலை சரியாக இருந்தது, பின்தலை இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. கோணல் லேபிளை ஈரத்துணி வைத்து ஊறவிட்டு எடுப்பது மாதிரி ஈரத்துணி வைத்தார். அந்தப் பசை தண்ணீரைச் சட்டையே பண்ணவில்லை. வெந்நீர் ஊற்றினார். ஊஹும். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து இழுத்தார். பட்டையின் பின்தலை மட்டும் மடங்கி வந்தது, நாடாவில் பாதி கதவோடு நின்றுவிட்டது.

எதிரே பெட்டிக்கடை செண்பகராஜ் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். "அண்ணாச்சி, கடைக்காரன்ட்டயே விட்டிருக்கலாம்லா?"

"ஒம்ம சோலியப் பாரும்வேய்!"

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் வாங்கிவந்து பூசினார். சொலூஷன் பூசினால் கொஞ்சம் உலரவிட வேண்டும். கோபத்தில் இருக்கிற மனுஷனுக்கு உலர்கிறவரை யார் பொறுப்பது? உடனே அமுக்கினார். பட்டையின் ஓரமெல்லாம் பிதுங்கி வழிந்தது. வழிந்த இடத்திலெல்லாம் புழுதி அப்பிக் கறுத்தது. பட்டை பழைய கோணலிலேயே பிடித்துக்கொண்டது. பின் கதவுத் துண்டையாவது நேராக ஒட்டியிருக்கலாம். முன்துண்டு முடிந்த இடத்தோடு சேர வேண்டுமே என்று அங்கிருந்து மேலே ஏற்றினார். தள்ளி நின்று பார்த்தால், ஈரச்சேலை போட்ட கொடிக்கயிறு மாதிரி நடுவில் தொங்கியது.

"பரவால்ல அண்ணாச்சி, ஓடுத வண்டியில யாரு பாக்கப் போறா?" என்று செண்பகராஜ் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலுக்கு அவரை அறைந்திருக்கலாம்.

சாயங்காலம் எஸ்தர் பஸ் இறங்கி வந்தாள். கிறிஸ்துராஜ் வாசல்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். விரலெல்லாம் சொலூஷன் பிசுக்கு. "ஒண்ணும் சொல்லிராத, சொல்லிட்டேன்" என்றார், அவள் வாய் திறக்கும் முன்பே.

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலம்பற பிச்சு எறிஞ்சிருதேன்" என்றார்.

"பிச்சா பெயின்டும் சேந்துல்லா வரும்? கெடக்கட்டும். ஒங்க கையால ஒட்டுனது, எனக்குப் பிடிச்சிருக்கு."

அந்த வார்த்தையில் அவர் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பாவம் பார்க்கிறாள் என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது. ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து கயத்தாறு புறப்பட்டார்கள். அவள் லாரிகளுக்கு ஒதுங்கி, ஹார்ன் அடித்து, அழகாகத்தான் கொண்டுபோனாள். சர்ச் வாசலில் போய் நின்றதும் சொந்தக்காரர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். எஸ்தரைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். இறங்கிய கிறிஸ்துராஜ் இடப்பக்கக் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் ஓர் ஆள் கதவை மறைக்க முடியும்? எஸ்தரின் சித்தப்பா தாவீது, எதையும் பார்த்தால் பேசாமல் போகாத ஆள், அவரை விலக்கிவிட்டுப் பட்டையின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். விரலில் கறுப்பாக ஒட்டியது. பக்கத்தில் பேண்டு செட் காது கிழிய வாசித்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, இத யாரு ஒட்டுனா?"

வாரமெல்லாம் அவர் காத்திருந்த கேள்வி அது.

"எஸ்தருதான் மாமா" என்றார்.

ஒட்டுனா என்பதற்கும் ஓட்டுனா என்பதற்கும் நடுவே ஒரு நெடில்தானே, பேண்டு சத்தத்தில் காதில் சரியாக விழவில்லை என்று பின்னால் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு நன்றாகவே கேட்டது. ஒட்டுகிற தொழிலில் தலை நரைத்தவருக்கு அந்தச் சொல்லா காதில் விழாது?

"ஏட்டி எஸ்தரு!" என்று சித்தப்பா சத்தம் போட்டார். "வண்டிய ஓட்டத் தெரிஞ்சவளுக்கு ஒரு பட்டைய ஒட்டத் தெரியலையேட்டி! மாப்ளைட்டயாவது கேட்டிருக்கக்கூடாதா? அவரு தொழிலுல்லா அது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எஸ்தர் திரும்பினாள். பட்டையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். ஒரு விநாடி அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஆமா சித்தப்பா" என்றாள். "அவசரத்துல ஒட்டிட்டேன். இவியட்ட கேட்டிருந்தா நேரா ஒட்டித் தந்திருப்பாவ."

பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது கிறிஸ்துராஜுக்கு. இல்லை, நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கைக்குட்டையை எடுத்துச் சித்தப்பாவிடம் விரலைத் துடைக்க நீட்டினார். அந்த வண்டியில் அவருடையது என்று இருந்தது அது ஒன்றுதான், கோணலாகப் போனதும் அதையும் அவள் தலையில் கட்டிவிட்டார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் சர்ச்சுக்குள் போனது. அவர் மட்டும் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். எஸ்தர் திரும்பி வந்து அவர் கையைத் தொட்டாள்.

"வாங்க, தாலி கட்டப் போறாவ" என்றாள்.