பத்து நிமிட நைட்ரஜன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் எனக்குக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை. படிப்பு இல்லை. ஆனாலும் பாதரசச் சொட்டு என் பொறுப்பில்தான் இருந்தது. மயிரிழைக் குழாயின் நுனியில் பாதரசம் திரண்டு, மருந்துக் கரைசலுக்குள் சொட்டுச் சொட்டாக விழும். மெஷின் வோல்ட்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும். மருந்து மாறுகிற இடத்தில், காகிதத்தில் ஓடும் கோடு ஒரு படி ஏறும். வெளியே கனமான லாரி போனால் சொட்டு முந்தி விழுந்து கோடு கெட்டுவிடும். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளின் நேரமெல்லாம் எனக்கு அப்படித்தான் அத்துப்படி ஆயிற்று. சரி, அதை விடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கரைசலுக்குள் பத்து நிமிடம் நைட்ரஜன் விட்டு, அதில் கலந்திருக்கும் காற்றை விரட்ட வேண்டும். அந்த வாரம் புது சிலிண்டர் ஏற்றிய வண்டி எளாவூர் செக்போஸ்டில் மாட்டிக்கொண்டது. பழைய சிலிண்டரில் முள் இறங்கிக்கொண்டே வந்தது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து, நானாகவே நாலு நிமிடத்தில் குழாயை மூடினேன். யாரிடமும் சொல்லவில்லை.

புதிதாகச் சேர்ந்திருந்த மேடம் ஒரு நாள் காலை, கோடு ஓடிய காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"அண்ணா, இங்க பாருங்க! பெரிய படிக்கு முன்னாடி ஒரு குட்டிப் படி. நம்ம மருந்து ரெண்டு தடவையா மாறுது. நாளைக்கே மேனேஜர்கிட்ட காட்டப்போறேன்."

அந்தக் குட்டிப் படியை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நைட்ரஜன் கேஸ் விடாமல் வெறும் உப்புத் தண்ணீரை வைத்தாலும் அதே இடத்தில் வரும்.

மதியச் சோறு இறங்கவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் மேனேஜர் முன்னால் அந்தப் பெண் தலைகுனிய வேண்டும். கை கழுவிவிட்டு நேரே மேடமிடம் போனேன்.

"மேடம், அது உங்க மருந்து இல்ல. காத்து."

"இன்னாண்ணா சொல்றீங்க?"

"நான்தான் கேஸ நாலு நிமிசத்துல மூடிக்கினு இருந்தேன். தீந்துடப் போவுதுன்னு..."

மேடம் புதுக் கரைசல் ஊற்றி, பத்து நிமிடம் முழுசாகக் கேஸ் விட்டார். குட்டிப் படி இல்லை. பெரிய படி மட்டும் தனியாக நின்றது.

"மூணு நாளா இத நான் வெச்சிக்கினு கனவு கண்டுக்கினு இருந்தேன்ணா."

"எனக்கு இன்னிக்குத்தானே காட்டுனீங்க?"

சிரித்துவிட்டார். கண் மட்டும் சிரிக்கவில்லை. பழைய காகிதத்தைக் கிழிக்காமல் மடித்து டிராயரில் வைத்தார்.

மறுநாள் சிலிண்டர் வந்தது. எனக்கு அப்போது எழுத வராது. கேஸ் ஓடும்போது நிமிடத்துக்கு ஒரு கோடு தாளில் இழுக்கச் சொன்னார் மேடம். பத்தாவது கோட்டைத் தன் கண்ணால் பார்த்த பிறகே மெஷின் சுவிட்சில் கை வைப்பார்.